ஸால்ட் எழுப்பிய ஊர்

செல்வம் ஈட்டியோர் பலர். ஈட்டியதைக் கொண்டு ஊர் சமைத்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக ஸர் டைட்டஸ் ஸால்ட்டை நாம் மதிக்கின்றோம்.

1803-ம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்த அவர், அல்பாக்கா ரோமத்தை நூற்றுப் பெருஞ்செல்வரானார். 1848-ல் பிராட்போர்டு நகரத் தலைவராகவும் விளங்கினார். மறு ஆண்டில் அந்நகரைத் தாக்கிய காலரா, புகைக்கும் சாக்கடைக்கும் நடுவே வாழ்ந்த ஏழைகளை வாரிக்கொண்டது. ஸால்ட் நகரை விட்டு நீங்கி, ஏர் நதிக்கரையில் 1853-ல் புதிய ஆலையைத் திறந்தார். அதனையடுத்துச் சுமார் 800 வீடுகளும் பள்ளியும் மருத்துவசாலையும் எழுந்தன. அதுவே ஸால்ட்டேர். 1871-ல் 14 ஏக்கர் பூங்காவும் உண்டாயிற்று. மதுக்கடைக்கு மட்டும் அங்கு இடமில்லை.

குறையும் இல்லாமலில்லை. வேலை, வீடு, விதி மூன்றும் ஒருவர் கையிலேயே இருந்தன; தொழிலாளர் பெற்றது கருணையேயன்றி உரிமையன்று.

1876-ல் அவர் மறைந்தார். 1986-ல் ஆலையும் ஓய்ந்தது. எனினும் ஊர் பாழாகவில்லை. மறு ஆண்டில் ஜோனதன் ஸில்வர் என்பார் ஆலையை வாங்கி, அதனுள் சித்திரசாலை அமைத்தார். 2001-ல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1920-ல் நகரசபைக்கு உரிமையாகி, பின்னர் சீர்குலைந்த பூங்காவும் 2010-ல் புத்துயிர் பெற்றது.

கல்லும் மரமும் பிழைத்தமை நன்றே. ஆயினும், ஒரு முதலாளி மனமுவந்து அளித்த காற்றும் வெளிச்சமும் உழைப்போர் அனைவர்க்கும் உரியவை என்று சமுதாயம் ஒப்பும் நாளிலேதான் அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறும் என்பது நம் துணிபு.