டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு இரயிலேறுவோர் திண்டிவனத்தைக் கடந்தே செல்வர். வேலூரில் இன்று தழைத்து நிற்கும் வைத்தியக் கலாசாலைக்கு வித்து விழுந்த இடம் அவ்வூரே என்பதை நம் மாணாக்கருள் அறிந்தோர் சிலரே. அதனை நிறுவிய அம்மையாரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாய் எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819-இல் அமெரிக்காவினின்று இலங்கைக்குப் புறப்பட்ட வைத்திய மிஷனரி, தந்தையாரும் வைத்தியரே. ஆயினும் அம்மையாருக்குக் குடும்பத் தொழிலில் விருப்பமில்லை. அமெரிக்காவிலேயே வாழ எண்ணியிருந்தவர், தாயார் நோயுற்றமையால் 1890-ஐ ஒட்டித் திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டுமென்று மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து அவரை அழைத்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு வகுப்பைச் சேர்ந்த இந்து. அம்மையாரோ வைத்தியம் கற்றவரல்லர். கற்ற தந்தையாரை அழைத்துச் செல்ல அம்மூவரும் இசைந்திலர். அந்நிய ஆடவர் பெண்டிரைப் பார்த்தல் அக்கால வழக்கத்திற்கு ஒவ்வாததாயிற்று. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். செய்தி வந்தது, உதவி வாசலைக் கடக்கவில்லை.

அவ்விரவே அம்மையாரின் உள்ளத்தைத் திருப்பியது. அவர் அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் கலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி பிறந்தது. 1947-இல் ஆடவரும் அங்கே சேர்க்கப்பட்டனர். ஆஸ்பத்திரியில் அமர்ந்து நோயாளியை எதிர்பார்த்திருப்பதோடு அம்மையார் நிற்கவில்லை. குடியாத்தம் சாலையில் சென்று மரநிழலில் கிராமத்தாருக்கு மருந்தளித்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொடைக்கானலில் காலமானார்.

வாராதவரையும் தேடிச் செல்லும் அவ்வழக்கம் இன்று வேறோர் உருவம் கொண்டுள்ளது. போலியோக் கிருமி தொற்றியவருள் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் முடங்கும். ஏனையோர் தாம் அறியாமலே அதனை மலத்தின் வழியாய் வெளியேற்றுவர். ஆகவே சாக்கடை நீரைச் சோதித்தால், ஒரு குழந்தையும் முடமாகுமுன்னரே கிருமி ஊரில் உலாவுவதை அறியலாம். நம் நாட்டில் இச்சோதனை 2001-இல் பம்பாயில் தொடங்கிற்று. அம்மையார் நிறுவிய கலாசாலையினரும் வேலூர்ச் சாக்கடை நீரில் டைபாய்டுக் கிருமியின் தடயத்தைத் தேடியுள்ளனர். சாக்கடைக்குச் சாதியில்லை, மதமில்லை, மூடிய கதவுமில்லை. எல்லா வீட்டின் செய்தியையும் அது சுமந்து வருகின்றது.

ஆயினும் செய்தி மட்டும் உயிர் காக்காது என்பதன்றோ திண்டிவனத்து இரவின் பாடம்? சாக்கடை நீர் எச்சரிக்கும். தடுப்பு மருந்தே காக்கும். 2014-இல் நம் நாடு போலியோ நீங்கிய நாடென்று சான்று பெற்றது, வீடுதோறும் சொட்டு மருந்து சென்றதனாலேயே. பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதம் நிறைந்த பின்னும், 16 முதல் 24 மாதத்திற்குள்ளும், 5 வயதிலும் தடுப்பு மருந்துகள் தவறாது அளிக்கப்படல் வேண்டும். ஒரு தவணை தவறினும் கிருமிக்கு ஒரு வாசல் திறந்ததாகும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், தம் இல்லத்திலும் அண்டை அயலிலும் உள்ள சிறாரின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பாராக. விடுபட்ட தவணை இருப்பின் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வாராக. அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு இதனினும் வேறில்லை.