நிலா வெளிச்சத்தில் பாடம் படித்த தியான்சந்த்

1928-ம் ஆண்டு. பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறுவதற்கு இந்திய ஆக்கி வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவின் ஆக்கிக் குழு கலந்து கொள்வது அதுதான் முதல் தடவை.

அவர்களை வழியனுப்ப எத்தனை பேர் வந்திருந்தார்கள், தெரியுமா? மூன்றே பேர்! ஆக்கி சங்கத்தின் தலைவர் ஒருவர். துணைத் தலைவர் ஒருவர். பத்திரிகைக்காரர் ஒருவர். அவ்வளவுதான். மாலை இல்லை. மேளம் இல்லை.

சில மாதம் கழித்து அதே வீரர்கள் அதே பம்பாயில் வந்து இறங்கினார்கள். கூட்டம் தாங்கவில்லை! துறைமுகம் முழுவதும் மனிதத் தலைகள். ஊர்ப் பெரியவர்கள் மாலைகளோடு காத்திருந்தார்கள். வீரர்கள் கையில் தங்கப் பதக்கத்தோடு திரும்பியிருந்தார்கள்.

அந்தக் குழுவில் 22 வயது சிப்பாய் ஒருவர் இருந்தார். ஆளில்லாத துறைமுகத்தையும் பார்த்தார். ஆள் நிறைந்த துறைமுகத்தையும் பார்த்தார். முதலில் மனம் உடையவும் இல்லை. பிறகு தலை கனக்கவும் இல்லை. அவர்தான் தியான்சந்த்.

இந்த அடக்கத்தை அவர் எங்கே கற்றார்? பள்ளிக்கூடத்தில் அல்ல. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது ஆறே ஆண்டுகள்தான். அவருக்கு வாழ்க்கைப் பாடம் சொல்லிக் கொடுத்தது விளையாட்டு மைதானம்!

பட்டாளத்துப் பிள்ளை

1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார் தியான்சந்த். இன்று அந்த ஊருக்குப் பிரயாக்ராஜ் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் தியான் சிங். தந்தை சமேஷ்வர் சிங், வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்.

பட்டாளத்து வேலை என்றால் ஓர் ஊரில் நிலையாக இருக்க முடியுமா? இன்று ஓர் ஊர். நாளை வேறோர் ஊர். பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. கடைசியில் ஜான்சி நகரில் குடும்பம் நிலை கொண்டது. ஆமாம், ராணி லட்சுமிபாய் போர்க்கொடி தூக்கிய அதே ஜான்சிதான்.

சிறு வயதில் தியான் சிங் ஆக்கி விளையாட்டில் பெயர் எடுத்தவர் அல்ல. அவருக்குப் பிடித்தது மல்யுத்தம்! 1922-ல் தந்தையைப் போலவே அவரும் பட்டாளத்தில் சேர்ந்தார். சாதாரண சிப்பாய். அங்கேதான் ஆக்கி மட்டையை முறையாகக் கையில் பிடித்தார்.

கண்டெடுத்த குரு

அந்தப் படைப்பிரிவில் பாலே திவாரி என்று ஒரு சுபேதார் மேஜர் இருந்தார். ஆக்கி என்றால் அவருக்கு உயிர். புதிதாக வந்த இளைஞனின் கைத்திறனை அவர் கவனித்தார். அழைத்துக் கற்றுக் கொடுத்தார்.

ஆக்கியில் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கிடைத்ததும் தானே கொண்டுபோய்க் கோல் போட வேண்டும் என்றுதான் இளைஞர்களுக்கு ஆசை வரும். பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள் அல்லவா! ஆனால் எதிரிகள் சுற்றி வளைத்துக் கொண்டால் பந்து போய்விடும். தக்க இடத்தில் நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைத் தள்ளிவிடுவதே நல்ல ஆட்டம். அதற்கு மனதில் பெருந்தன்மை வேண்டும். கோல் போட்டவன் பெயரைத்தான் ஊர் சொல்லும். பந்து கொடுத்தவனை மறந்துவிடும்.

தியான்சந்த் கோல் போடுவதில் மன்னர். ஆனாலும் பந்தைப் பங்கிட்டுக் கொடுப்பதில் அவர் அதைவிடப் பெரிய மன்னர். கூட ஆடியவர்கள் அவரைக் கொண்டாடியதற்குக் காரணம் இதுதான்.

பகல் முழுவதும் பட்டாள வேலை. விளையாடிப் பழக நேரம் ஏது? இரவில் மைதானத்துக்குப் போவார். அந்தக் காலத்தில் மைதானத்தில் மின்சார விளக்கு கிடையாது. நிலா எப்போது எழும்பும் என்று காத்திருப்பார். நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்தை உருட்டி உருட்டிப் பழகுவார். இந்தியில் சந்திரனுக்கு 'சாந்த்' என்று பெயர். தியான் சிங் என்பவர் தியான்சந்த் ஆனது இப்படித்தான் என்று சொல்வார்கள்.

கடைசி நான்கு நிமிடம்

ஜீலம் நகரில் பட்டாளத்துக் குழுக்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. தியான்சந்தின் குழு இரண்டு கோல் பின்தங்கி நின்றது. மீதி இருந்ததோ நான்கே நிமிடம். தோல்வி நிச்சயம் என்று பார்த்தவர்கள் எழுந்து போகலாம். ஆனால் ஆடுகிறவன் போக முடியுமா? அந்த நான்கு நிமிடத்தில் தியான்சந்த் மூன்று கோல் போட்டார். குழு வென்றது! அதுமுதல் அவரை ஆக்கி மந்திரவாதி என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஊதல் ஊதும்வரை ஆட்டம் முடியவில்லை. இது அவர் மைதானத்தில் படித்த பாடம்.

1926-ல் இந்திய ராணுவக் குழு நியூசிலாந்துக்குப் போயிற்று. தியான்சந்துக்கும் அழைப்பு வந்தது. கடல் தாண்டிப் போவது சிப்பாய்க்குச் சாதாரண விஷயமா? அங்கே 21 ஆட்டங்கள் ஆடினார்கள். 18-ல் வெற்றி. 2 சமம். ஒன்றில்தான் தோல்வி. குழு போட்ட 192 கோல்களில் பாதிக்கு மேல் தியான்சந்த் போட்டவை. ஊர் திரும்பியதும் லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது.

தங்கத்தின் மேல் தங்கம்

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். குழுவின் தலைவர் ஜெய்பால் சிங். இந்தியா ஐந்து ஆட்டம் ஆடி 29 கோல் போட்டது. எதிரிகளால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை! 29-ல் 14 கோல் தியான்சந்துடையவை. இறுதி ஆட்டத்தன்று வீரர்கள் பலருக்கு உடல் நலம் இல்லை. தியான்சந்துக்கும் காய்ச்சல். ஆனாலும் ஆடினார். ஹாலந்தை 3-0 என்று இந்தியா வென்றது.

1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். இந்தத் தடவை தம்பி ரூப் சிங்கும் கூட வந்தார். ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் இந்தியா வென்றது. அமெரிக்காவோடு நடந்த ஆட்டத்தில் தம்பி 10 கோல். அண்ணன் 8 கோல்! அண்ணனைவிடத் தம்பி அதிகம் போட்டார். அண்ணன் தாராளமாகப் பந்து கொடுக்காவிட்டால் இது நடக்குமா?

தியான்சந்தின் மட்டையில் பந்து ஒட்டிக் கொண்டதுபோல் போகும். ஹாலந்தில் அவருடைய மட்டையை உடைத்து, உள்ளே காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. கதை எப்படியோ போகட்டும். மட்டைக்குள் காந்தம் இல்லை. நிலா வெளிச்சத்தில் பழகிய ஆயிரம் இரவுகள்தான் இருந்தன!

தூக்கம் போன இரவு

1936-ல் பெர்லின் ஒலிம்பிக். இப்போது தியான்சந்த்தான் குழுவின் தலைவர். ஒரு காலத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவருக்கு இது பெரிய கௌரவம், பெரிய பொறுப்பும்கூட.

பந்தயம் தொடங்குமுன் ஜூலை 17-ந் தேதி ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. இந்தியா 1-4 என்று தோற்றது!

யாரும் எதிர்பாராத அடி. வெறும் பயிற்சி ஆட்டம்தானே என்று தட்டிக் கழித்திருக்கலாம். மைதானம் சரியில்லை, பயணக் களைப்பு என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். தியான்சந்த் அப்படிச் செய்யவில்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை. உயிர் உள்ளவரை அந்தத் தோல்வியை மறக்க முடியாது என்று பிற்காலத்தில் எழுதினார்.

தோல்வி வந்தால் அழுதுகொண்டு உட்காருகிறவர் உண்டு. பிறர்மேல் பழி போடுகிறவர் உண்டு. தலைவர் தியான்சந்தும் குழுவின் பொறுப்பாளர்களும் எங்கே ஓட்டை என்று பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு நல்ல ஆட்டக்காரர் தேவை என்று கண்டார்கள். இந்தியாவுக்குச் செய்தி பறந்தது. குழுவோடு வராதிருந்த தாரா என்ற வீரர் விமானத்தில் வந்து சேர்ந்தார். அரை இறுதி ஆட்டத்திலிருந்து அவரும் ஆடினார்.

ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் எல்லாம் தோற்றன. இறுதியில் எதிரே நின்றது யார்? அதே ஜெர்மனி!

ஆகஸ்டு 15

ஆகஸ்டு 14-ந் தேதி நடக்க வேண்டிய ஆட்டம். மழை கொட்டியது. மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். ஆகஸ்டு 15. பதினோரு ஆண்டு கழித்து அதே தேதியில்தான் இந்தியா விடுதலை அடைந்தது!

வீரர்கள் மனதில் பழைய தோல்வியின் பயம். குழுவின் நிர்வாகி பங்கஜ் குப்தா, உடை மாற்றும் அறையில் காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வெள்ளையர் ஆட்சியில் அந்தக் கொடிக்கு உலக மேடையில் இடம் இல்லை. வீரர்கள் மௌனமாக வணங்கினார்கள். மைதானத்துக்குள் இறங்கினார்கள்.

இடைவேளை வரை இந்தியா ஒரே ஒரு கோல்தான் போட்டது. தரை ஈரம். கால் வழுக்கியது. இடைவேளைக்குப் பிறகு தியான்சந்த் ஆணி வைத்த காலணியையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டார். பிறகு ஓடினார் பாருங்கள் ஓட்டம்! கோல்மேல் கோல் விழுந்தது.

அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் கோல் காப்பாளர் மோதியதில் தியான்சந்தின் பல் உடைந்தது. இரத்தம் கொட்டியது. முதல் உதவி செய்து கொண்டு மீண்டும் வந்தார். கூட்டாளிகளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் மட்டை யார்மேலும் ஓங்கப்படவில்லை. பந்தை ஜெர்மனியின் கோல் அருகே கொண்டுபோய், கோல் போடாமல் திரும்பக் கொண்டு வந்து, பந்தை ஆளுவது எப்படி என்று காட்டச் சொன்னாராம் தியான்சந்த். அடிக்கு அடி அல்ல, ஆட்டத்துக்கு ஆட்டம்! அதுதான் அவர் கொடுத்த பதில்.

முடிவு: இந்தியா 8, ஜெர்மனி 1. மூன்றாவது தங்கம்!

மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியா ஆடியவை 12 ஆட்டங்கள். பன்னிரண்டிலும் வெற்றி. போட்ட கோல்கள் 102. வாங்கியவை மூன்றே மூன்று.

பெயரும் வறுமையும்

1952-ல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார் தியான்சந்த். புத்தகத்தின் பெயர் 'கோல்'. அதை வெளியிட்டது நமது சென்னையில் இருந்த 'ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்' பத்திரிகை. தாம் ஒரு சாதாரண மனிதர் என்று சொல்லித்தான் அந்தப் புத்தகத்தையே தொடங்குகிறார். மூன்று தங்கம் வென்றவரின் பணிவைப் பாருங்கள்!

1956-ல் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அரசு பத்ம பூஷண் விருது கொடுத்தது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் இளைஞர்களுக்கு ஆக்கி கற்றுக் கொடுத்தார். பாலே திவாரியிடம் வாங்கியதை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிட்டார். இதுவும் பந்தைப் பங்கிடுவதுபோல்தானே?

1975-ல் உலகக் கோப்பை ஆக்கியில் இந்தியா வென்றது. இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோல் போட்டவர் தியான்சந்தின் மகன் அசோக் குமார்.

ஆனால் கடைசிக் காலத்தில் தியான்சந்தைப் பணக் கஷ்டம் வாட்டியது. கை தட்டிய கூட்டம் கலைந்துவிட்டது. கல்லீரலில் புற்றுநோய். 1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி டெல்லியில் மருத்துவமனையில் கண்ணை மூடினார். ஜான்சியில், ஆக்கி விளையாடும் மைதானத்திலேயே அவர் உடலுக்கு எரியூட்டினார்கள். பாடம் கற்ற இடத்திலேயே அவர் பயணம் முடிந்தது.

இன்று ஆகஸ்டு 29-ந் தேதியைத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கு 2021-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். உயிரோடு இருக்கும்போதே வீரர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்பது, அவர் வாழ்க்கையிலிருந்து நாடு படிக்க வேண்டிய பாடம்.

நாம் படிக்க வேண்டிய பாடமும் உண்டு. மாலையில் பிள்ளை மைதானத்துக்குப் போனால், படிப்பு கெட்டுவிடும் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். அவன் அங்கேயும் படிக்கத்தான் போகிறான். குருவின் சொல் கேட்பது, யாரும் பார்க்காதபோதும் உழைப்பது, கிடைத்ததைக் கூட்டாளியோடு பங்கிடுவது, தோற்றால் தன் குறையைத் தேடுவது, அடி பட்டாலும் கோபத்தை அடக்குவது. ஆறு ஆண்டு மட்டுமே பள்ளியில் படித்த ஒரு சிப்பாய் இத்தனையும் மைதானத்தில் படித்தார்.

இன்று மாலை உங்கள் பிள்ளை வியர்க்க விறுவிறுக்க வீடு திரும்பினால், வென்றாயா, தோற்றாயா என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்குப் பந்து கொடுத்தாய் என்றும் கேளுங்கள்!