கல்லறையில் தப்பாகச் செதுக்கப்பட்ட சுருள்... யார் இந்த ஜேக்கப் பெர்னூலி?

கோடிங் பழகும் குழந்தைகள் ஸ்கிராட்ச்சில் ஆசையாக வரையும் படங்களில் ஒன்று சுருள். பேனாவை இறக்கி, கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் திரும்பினால் போதும். ஆனால், அந்தச் சுருளைத் தன் கல்லறையில் செதுக்கச் சொன்ன ஒருவரின் கதை தெரியுமா?

அப்பா சொன்னது ஒன்று, படித்தது இன்னொன்று

ஜேக்கப் பெர்னூலி, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1655-ல் பிறந்தவர். அப்பா மசாலா வியாபாரி. மகன் இறையியல் படிக்கணும் என்பது வீட்டின் விருப்பம். அவரும் படித்து 1676-ல் பட்டம் வாங்கினார். ஆனா மனசு முழுக்க கணக்கும் வானியலும்தான். அப்பாவின் எதிர்ப்பை மீறி அதையும் படித்து, 1687-ல் பாசெல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

தன்னைவிட 12 வயது சின்னவரான தம்பி யோகானுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பிறகு அதே தம்பியோடு, யார் பெரிய ஆள் என்று ஊரறிய மோதல்!

கூட்டுவட்டியும் சுருளும்

1683-ல் கூட்டுவட்டியை ஆராய்ந்தபோது, சுமார் 2.718 என்ற எண்ணை நோக்கி அவர் போய்ச் சேர்ந்தார். இன்று நாம் 'ஈ' என்று அழைக்கும் எண் அது. அவர் வியந்துபோன மடக்கைச் சுருளின் சமன்பாட்டிலும் இதே எண் வரும். அந்தச் சுருளை எவ்வளவு பெரிதாக்கினாலும் வடிவம் மாறாது. அதனால்தான் அதைத் தன் கல்லறையில் செதுக்கச் சொன்னார். கூடவே, மாறினாலும் மறுபடி அதே வடிவில் எழுவேன் என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகமும்.

1705-ல் அவர் இறந்தார். கல்லில் வந்ததோ வேறு சுருள்! வளையங்களுக்கு நடுவே ஒரே இடைவெளி இருக்கும் ஆர்க்கிமிடிஸ் சுருள். பாசெல் தேவாலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பெரிதாக்கினால் அதே வடிவம் வராத சுருளுக்குப் பக்கத்தில் அந்த வாசகம்!

வித்தியாசம் ஒரே ஒரு வரி

இதை ஸ்கிராட்ச்சில் குழந்தையோடு செய்து பாருங்க. 'நீளம்' என்று ஒரு வேரியபிள். தொடக்க மதிப்பு 2. பேனாவை இறக்கிவிட்டு, 'நீளம்' அளவு நகரு, 15 டிகிரி திரும்பு என்பதை 60 முறை ரிப்பீட் செய்யணும்.

* ஒவ்வொரு முறையும் நீளத்தோடு 0.5 கூட்டினால்: இடைவெளி ஏறக்குறைய ஒரே மாதிரி. இது கல்லறையில் இருக்கும் சுருள்.
* கூட்டாமல் 1.05-ஆல் பெருக்கினால்: வளையம் விரிய விரிய இடைவெளியும் பெருகும். இது பெர்னூலி கேட்ட சுருள்.

முதலாவது தனிவட்டி மாதிரி, இரண்டாவது கூட்டுவட்டி மாதிரி. இஎம்ஐ கட்டுறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே புரியும்!

கோடிங்கோடு இன்னொரு தொடர்பு

நிகழ்தகவு பற்றிய அவருடைய முக்கியமான புத்தகம், இறந்து 8 ஆண்டுகள் கழித்து 1713-ல்தான் வெளியானது. அவர் பெயரால் அழைக்கப்படும் பெர்னூலி எண்கள் அதில் இருக்கின்றன. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த இயந்திரம் அந்த எண்களைக் கணக்கிடும் வழிமுறையை 1843-ல் அடா லவ்லேஸ் வெளியிட்டார். உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலரும் சொல்வது அதைத்தான்.

கல்லில் செதுக்கியதை மாற்ற முடியலை. ஸ்கிராட்ச்சில் கூட்டலை எடுத்துவிட்டு பெருக்கலைப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர் கேட்ட சுருள் குழந்தையின் திரையிலாவது சரியாக வரட்டுமே!