ஊரே இருட்டில்... வயதான நட்சத்திரங்களைக் கண்டுகொண்ட 'எதிரி நாட்டவர்'! யார் இந்த வால்டர் பாடே?

1943. இரண்டாம் உலகப் போர் நேரம். தாக்குதல் பயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கு வெளிச்சத்தைக் குறைத்திருந்தது. பக்கத்தில் மவுண்ட் வில்சன் மலையில் இருந்த வால்டர் பாடேவுக்கு அந்த இருட்டுதான் வரம்!

1893-ல் ஜெர்மனியில் பிறந்தவர், 1931-ல் அமெரிக்கா போனார். குடியுரிமை இல்லாததால், போர் வந்ததும் 'எதிரி நாட்டவர்' ஆகிட்டார். சக விஞ்ஞானிகள் போர்ப் பணிக்குக் கிளம்ப, இவருக்கு அங்கே இடமில்லை. கையில் கிடைத்தது, அன்றைக்கு உலகிலேயே பெரிய 100 அங்குலத் தொலைநோக்கி.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் மையத்தைப் படம் பிடித்தார். வெறும் மங்கலாகத் தெரிந்த இடத்தில் தனித்தனி நட்சத்திரங்கள்! நட்சத்திரங்களில் இரண்டு வகை உண்டுன்னு 1944-ல் அறிவித்தார். முதல் வகை இளசு, இரண்டாம் வகை கிழடு என்பது பிறகு புரிந்தது.

1952-ல் இன்னொரு அதிரடி: கேலக்ஸிகளின் தூரம் நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு என்றார். பிரபஞ்சத்தின் கணக்கிட்ட வயதும் இரட்டிப்பானது.

1960-ல் ஜெர்மனியிலேயே காலமானார். இன்று நம் பால்வெளியில் சுமார் 1,200 கோடி வயசு என்று கணக்கிடப்படும் 'மெதுசெலா' நட்சத்திரமும், பாடே பிரித்துக் காட்டிய அந்த இரண்டாம் வகைதான். போர் ஒதுக்கிவைத்த மனிதருக்கு வானம் இடம் கொடுத்தது!