நெய்தலில் பிறந்து குறிஞ்சியில் இருந்தவர்

ஆனியும் ஆடியும் வந்து கச்சான் வீசத் தொடங்கிவிட்டால், திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நம்மவர் பலர்க்கு மலைநாட்டின் நினைவு வந்துவிடுகின்றது. மேற்கு மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் இழந்த வெறுங்காற்றாய் இப்பக்கம் இறங்கிவரும் கச்சான் கிணற்று நீரை வற்றச் செய்கின்றது; முற்றத்து மணலைச் சுடச் செய்கின்றது. ஓய்வு பெறும் வயதை அணுகிய ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் அந்நாள்களில் ஒன்றுகூடினால், பண்டாரவளையில் ஒரு சிறு வீடு, நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் என்று பேச்சு நீள்வதைக் கேட்கலாம். முப்பது ஆண்டுக்கு மேலாக வெயிலில் உழைத்த உடம்பு குளிரையும் அமைதியையும் நாடுவது குற்றமன்று. ஆயினும், போவதா இருப்பதா என்று துணியுமுன், நம் ஊரோடு தொடர்புடைய பெரியார் ஒருவர் இவ்வழியே முன்னர் நடந்துள்ளார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். அவர் சுவாமி விபுலாநந்த அடிகள்.

தொல்காப்பியர் நிலங்களுக்குப் பொழுது வகுத்தபோது, கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கு உரியவாக்கினார். கதிர் சாயும் எற்பாட்டை நெய்தலுக்கு வைத்தார். அடிகளின் வாழ்க்கையை நோக்குவோர்க்கு இப்பகுப்பு நினைவுக்கு வராமற் போகாது. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பணிபுரிந்ததும் பெரும்பாலும் நெய்தல் நிலத்தில். வாழ்வின் எற்பாட்டில் அவர் இருமுறை நாடிச் சென்றது பனி சூழ்ந்த குறிஞ்சி நிலம்.

கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவில், 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்வில் தேறினார்; இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே. 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். தமிழையும் பௌதிகத்தையும் ஒருசேரக் கற்ற அப்பயிற்சியே பிற்காலத்தில் அவர்தம் பெருநூலுக்கு வித்தாயிற்று. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராயும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயும் பணியாற்றியவர், 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் சுவாமி சிவாநந்தரிடம் துறவு ஏற்று விபுலாநந்தர் ஆனார்.

துறவு பூண்டவர் காட்டுக்கோ மலைக்கோ போயிருத்தல் கூடும். அவரோ மறு ஆண்டே ஈழத்துக் கடற்கரைக்குத் திரும்பினார். கிழக்கிலும் வடக்கிலும் மிஷன் ஏற்றுக்கொண்ட பள்ளிகளைக் கட்டிக்காக்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. இன்று ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என வழங்கும் நம் ஊர்க் கல்லூரி, 1925 இல் மிஷன் நிருவாகத்தின்கீழ் வந்தது. அடிகள் அதன் முகாமையாளராயும், சிலகாலம் அதிபராயும் இருந்து அதனை வளர்த்தார். பிரித்தானியக் கடற்படையின் கொடி பறந்த துறைமுகப் பட்டினத்தில், தமிழ்ப் பிள்ளைகள் தம் சமயச் சூழலில் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்க வகை செய்தமை சிறு காரியமன்று. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இல் சிவாநந்த வித்தியாலயம் எழுந்ததும் அவர் முயற்சியாலேதான். கல்லடி வாவியில் நிலவு நாள் இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் இன்னொலியை அங்கேதான் அவர் செவிமடுத்தார். அவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்து பின்னாளில் பாடவும் செய்தார்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கிருந்த இரண்டாண்டுக் காலத்தில், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அவரை ஆட்கொண்டது. இளங்கோவடிகள் கூறும் யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எவ்வாறு சுருதி கூட்டப்பெற்றன, பாலைகள் திரிவது எங்ஙனம் என்னும் வினாக்கள் எழுந்தன. யாழ் என்னும் கருவியோ தமிழர் வாழ்விலிருந்து மறைந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது. உரைகளை ஒப்புநோக்கியும், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள அளவுத் தொடர்பைக் கணித்தும் அதனை மீட்க முயன்றார். ஆயினும் பள்ளிகளும் பயணங்களும் சொற்பொழிவுகளும் அவர்தம் நாள்களைப் பங்கிட்டுக்கொண்டன. தொடங்கிய ஆராய்ச்சி முடிவு காணாது நீண்டது. பணியில் இருந்துகொண்டே பெருநூல் ஒன்றைத் தொடங்கியோர் இத்துன்பத்தை அறிவர்.

1937 இல் கயிலை யாத்திரை சென்று வந்த அடிகள், 1939 இல் இமயத்தின் மாயாவதிக்கே சென்று தங்கினார். அப்போது அவர்க்கு வயது 47. இன்றைய உத்தராகண்ட மாநிலத்தில், ஏறத்தாழ 6,400 அடி உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே அமைந்தது மாயாவதி அத்வைத ஆசிரமம். வானம் தெளிந்த நாளில் நந்தாதேவி முதலிய பனிமுடிகள் அங்கிருந்து தோன்றும். மாரிக்காலத்தில் அங்கும் பனி பெய்யும். காரைதீவின் வெண்மணலில் நடந்த கால்களுக்கு அது முற்றிலும் வேற்றுலகம்.

அவ்வாசிரமம் தோன்றிய வரலாறு, ஓய்வுக்காலத்தில் குளிர்நாடு போக எண்ணுவோர் அறியத்தக்கது. 1896 இல் ஆல்ப்சு மலைப்பகுதியில் விவேகாநந்தரோடு பயணம் செய்த சேவியர் என்னும் ஆங்கிலத் தம்பதியர், அத்தகைய மலைச்சூழலில் ஆசிரமம் ஒன்று அமைக்க வேண்டும் என்னும் அவர் விருப்பத்தைத் தமதாக்கிக்கொண்டனர். கணவர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தில் இருந்த உடைமைகளை விற்றுவிட்டு, 1897 சனவரியில் கொழும்பில் வந்திறங்கிய விவேகாநந்தரோடு அவர்களும் வந்தனர். 1899 இல் மாயாவதி ஆசிரமம் நிறுவப்பெற்றது. மறு ஆண்டு அக்டோபரிலேயே கணவர் காலமானார். செய்தியறிந்த விவேகாநந்தர், 1901 சனவரியின் கடுங்குளிரில் மலையேறி வந்து அவ்வம்மையாரைக் கண்டு ஆறுதல் கூறினார். அம்மையார் ஊர் திரும்பிவிடவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அம்மலையிலேயே இருந்து ஆசிரமப் பணியைத் தாங்கினார். குளிரை விரும்பி மட்டும் வந்திருந்தால், துணையை இழந்த முதல் மாரியிலேயே அம்மலை அவர்க்குச் சிறையாகியிருக்கும். செய்வதற்கு ஒன்று இருந்தமையால் அது இல்லமாயிற்று.

அடிகளும் அங்குச் சென்றது இளைப்பாறுவதற்கன்று. மாயாவதியிலிருந்து நடத்தப்பெற்ற பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றே சென்றார். 1896 இல் சென்னையில் தோன்றிய அவ்விதழ் உலகின் பல பகுதிகளிலும் கற்றோரால் படிக்கப்பெற்றது. மாதந்தோறும் கட்டுரைகளைத் தேர்ந்து திருத்தி எழுதும் அப்பணி, மலையின் தனிமைக்கு ஒரு முறைமையைத் தந்திருக்கும். ஏறக்குறைய இரண்டாண்டு அங்குத் தங்கினார். 1941 இல் மலையிறங்கினார்.

அவர் திரும்பிய காலம் இன்னலான காலம். 1942 ஏப்ரலில் 5 ஆம் நாள் கொழும்பும் 9 ஆம் நாள் நம் திருக்கோணமலையும் சப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காயின. அவ்வாண்டே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1943 இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகள் அமர்ந்தார். அரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்ட துறவி ஒருவர், இனி அமைதியாய் இருக்கின்றேன் என்று ஒதுங்கியிருந்தால் அவரைக் குறை கூறியிருப்பார் எவருமில்லை. அவரோ ஈழத்தில் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்கு அடித்தளம் இடும் வேலையைத் தலைமேற் கொண்டார்.

இதற்கிடையில் யாழ்நூல் காத்திருந்தது. அதனை எழுதுவதற்கு அடிகள் தேர்ந்த இடம் இலங்கை மலைநாட்டின் உரொசல்லை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், புகைவண்டிப் பாதையின் அருகே, தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று அது. நம் ஊரைக் கச்சானாய் வந்து சுடும் காற்று, தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு வருவது அத்தகைய மலைகளிலேதான். மாயாவதியைப் போல இமயத்தின் தொலைவில் அன்று, கொழும்பிலிருந்து ஒரு பகற்பயணத்தில் சென்றடையக்கூடிய குளிர்மலை. அங்குள்ள இல்லத்திலிருந்து, பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் அமைந்த அம்மாபெரும் நூலை அவர் எழுதினார். வில்யாழ், பேரியாழ், சீறியாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் முதலியவற்றின் இலக்கணமும், பண்களின் அமைப்பும், தேவார இசையும் அதில் இடம் பெற்றன. கடற்கரையின் சந்தடியில் ஆண்டுக்கணக்கில் முடியாதது, மழையொலிக்கும் மூடுபனிக்கும் நடுவே உருப்பெற்றது. மலை அவர்க்கு அளித்த பெருங்கொடை இது. இதனை மறைத்தல் நேர்மையாகாது.

ஆனால் அம்மலையிலேயே அவர் தங்கிவிடவுமில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்த யாழ்நூல், 1947 சூன் 5, 6 ஆகிய நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தால் ஓடம் தானே ஆற்றைக் கடந்தது என்று போற்றப்படும் தலம் அது. அடிகளின் ஆராய்ச்சியைத் தழுவி அமைத்த யாழ்கள் அங்கு மீட்டப்பெற்றன. நலிந்த உடம்போடு அவ்விழாவில் இருந்த அடிகள், ஆறு வாரத்துக்குப்பின், சூலை 19 ஆம் நாள், கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவர்க்கு அப்போது 55 வயது. நாம் ஓய்வைப் பற்றிப் பேசத் தொடங்கும் வயதில் அவர் வாழ்வே நிறைவுற்றது. அவர் திருவுடல் மலைக்குப் போகவில்லை. கல்லடியில், தாம் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயத்தின் முன்னே, உப்புக்காற்று வீசும் மரநிழலில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் பெயர் தாங்கி, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இசையும் நாடகமும் நடனமும் பயிற்றும் நிறுவகமும் அக்கல்லடியிலேயே இருக்கின்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? துறவிக்கு மனையில்லை, மக்களில்லை. அவர் போக்குவரவு எளிது என்று சிலர் கூறலாம். இல்லறத்தார்க்கு மூட்டுவலியும் இளைப்பும் உண்டு. மருந்தகத்தின் தொலைவு உண்டு. பேரப்பிள்ளைகளின் பள்ளி உண்டு. ஓயாத மழையில் ஏட்டையும் புத்தகத்தையும் பூஞ்சணம் பிடிக்கும். மழை மிகுந்தால் மண்சரிவும் உண்டு. இவற்றையெல்லாம் கணக்கிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் இவற்றுக்கு முன்னே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்குப் போய் என்ன செய்யப்போகின்றோம்? அடிகள் இருமுறை மலை சென்றார். இருமுறையும் அவர் கையில் வேலை இருந்தது. முதல்முறை இதழ், அடுத்தமுறை நூல். மலையிலிருந்த நாளும் கீழே இறங்கும் வழியை அவர் அடைத்துவிடவில்லை. சமவெளி அழைத்தபோது இறங்கினார்.

மலைநாடு வெறும் காட்சிப் பொருளன்று என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். நாம் குளிர் தேடிப் போகும் அச்சரிவுகளில், தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கொய்யும் தமிழ் மக்கள் வாழ்கின்றார்கள். கடல் கடந்து வந்து அம்மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய அவர்தம் முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு, 1948 இல் குடியுரிமையும் மறுக்கப்பட்டது. அதனை முழுமையாய்ப் பெற அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கு வீடு கட்டி, யன்னலைச் சாத்திக்கொண்டு, மூடுபனியை மட்டும் பார்த்திருப்பாரானால், அவர் கற்ற தமிழுக்கு அது பெருமை தராது. மாலைதோறும் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர்க்கு அவர் இலக்கணமும் கணிதமும் சொல்லிக்கொடுப்பாரானால், அவர் அங்குப் போனது குடிபெயர்வன்று, பணிமாற்றம்.

முடிக்கவேண்டிய நூல் ஒன்று கையில் இருப்பின், சில மாதங்களுக்கு மலையில் ஓர் அறை எடுத்து எழுதலாம். கச்சான் தணிந்ததும் திரும்பலாம். அங்குச் செய்யத்தக்க தொண்டு கண்ணில் தென்பட்டால், ஊர் வீட்டை விற்றுவிடாமல், ஈராண்டு இருந்து பார்த்துத் துணியலாம். இவ்விரண்டும் இன்றி வெயிலுக்கு அஞ்சி மட்டும் போவதாயின், கோணேசர் மலையடியில் மாலைக் கடற்காற்று வாங்கி, அறிந்த முகங்களின் நடுவே இருத்தலே மேல். உரொசல்லைக் குளிரில் அடிகள் எழுதிய ஏடுகள் இன்றும் வாழ்கின்றன. அவற்றை எழுதிய கை ஓய்ந்து உறங்குவது கடற்கரை மணலில்.