மிட்சுவோ ஃபுச்சிடா

மிட்சுவோ ஃபுச்சிடா (டிசம்பர் 3, 1902 – மே 30, 1976) ஜப்பானியப் பேரரசுக் கடற்படையின் விமானப் பிரிவு அதிகாரியும் குண்டுவீச்சுப் பயிற்றுநரும் ஆவார். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய விமானங்களின் முதல் அலைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. நான்கு மாதங்கள் கழித்துக் கொழும்பு, திருகோணமலை ஆகிய துறைமுகங்களின் மீதான வான் தாக்குதல்களையும் வழிநடத்தினார். போருக்குப் பின் கிறித்தவ சமயப் பரப்புரையாளரானார்.

இளமையும் பயிற்றுநர் பணியும்

ஜப்பானின் நாரா மாகாணத்தில் பிறந்த ஃபுச்சிடா, 1921 இல் எடாஜிமாவிலுள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து 1924 இல் பட்டம் பெற்றார். பேர்ள் துறைமுகத் தாக்குதலின் திட்டத்தை வகுத்த மினோரு கெண்டா இவருடைய வகுப்புத் தோழர்.

கிடைமட்டக் குண்டுவீச்சில் ஃபுச்சிடா தனித்தேர்ச்சி பெற்றார். விமானம் உயரத்தில் நேராகப் பறந்தபடியே குண்டை விடுவிக்கும் முறை இது. குண்டு தரையை அடையச் சில நொடிகள் ஆவதால், விமானத்தின் வேகம், உயரம், காற்று ஆகியவற்றில் சிறு கணக்குப் பிழை நேர்ந்தாலும் இலக்குத் தவறிவிடும். 1936 இல் இம்முறைக்குப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். 1939 இல் 'அகாகி' என்னும் விமானம் தாங்கிக் கப்பலின் விமானக் குழுவில் சேர்ந்தார்.

1941 ஆகஸ்டு மாதம் தாக்குதல் படையின் விமானக் குழுக்கள் இவருடைய பொறுப்பில் வந்தன. பேர்ள் துறைமுகத்தின் ஆழம் ஏறத்தாழ 12 மீட்டர் மட்டுமே. வழக்கமான முறையில் வீசப்படும் டார்ப்பீடோ அதைவிட ஆழமாக மூழ்கிச் சேற்றில் புதைந்துவிடும். ஆகவே ககோஷிமா விரிகுடாவில் விமானிகள் மிகத் தாழ்வாகப் பறந்து டார்ப்பீடோ வீசப் பழகினர். டார்ப்பீடோக்களுக்கு மரத்தாலான துடுப்புகள் பொருத்தப்பட்டன. கிடைமட்டக் குண்டுவீச்சு விமானங்கள் ஐந்து ஐந்தாக அணிவகுத்து ஒரே நேரத்தில் குண்டு வீசப் பயின்றன. போர்க்கப்பல் பீரங்கிக் குண்டுகளை மாற்றியமைத்து உருவாக்கிய ஏறத்தாழ 800 கிலோகிராம் குண்டுகளே இவற்றுக்கு வழங்கப்பட்டன. போர்த் தந்திரத்தைப் பற்றி எழுதுவோர் இம்மாதங்களைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். ஆயினும் தாக்குதலின் வெற்றிக்கு இப்பயிற்சியே அடித்தளம்.

பேர்ள் துறைமுகம்

முதல் அலையில் 183 விமானங்கள் சென்றன. ஃபுச்சிடா தம் விமானத்தைத் தாமே ஓட்டவில்லை. நோக்கர் இருக்கையில் அமர்ந்து படையை இயக்கினார். எதிரி விழிப்பாக இல்லை என்பதை உணர்த்த, டோரா என்ற குறிச்சொல்லை மும்முறை கப்பற்படைக்கு அனுப்பினார். இத்தாக்குதலில் அமெரிக்கர் 2,403 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 1,177 பேர், கிடைமட்டக் குண்டுவீச்சில் வெடித்த 'அரிசோனா' போர்க்கப்பலில் இருந்தவர்கள். ஜப்பானியர் இழந்த விமானங்கள் 29.

டார்வினும் இலங்கையும்

1942 பெப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தைத் தாக்கிய 188 விமானங்களுக்கும் ஃபுச்சிடா தலைமை தாங்கினார்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்டது. கனடிய விமானி லெனார்ட் பர்ச்சால் முந்தைய நாளே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியிருந்தார். பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் முதன்மைக் கப்பல்களும் துறைமுகத்தில் இல்லை. எனவே பேர்ள் துறைமுகம் போன்றதொரு விளைவு அங்கு ஏற்படவில்லை. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மீஸ்' விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சிலர் கருதுவது போல அதை மூழ்கடித்தது ஃபுச்சிடாவின் அணியன்று. செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்களே. இந்நாட்களில் எழுந்த அச்சத்தால் சென்னை நகரிலிருந்து அரசு அலுவலகங்கள் இடம் மாற்றப்பட்டதுடன், மக்களும் பெருந்திரளாக வெளியேறினர்.

மிட்வே

1942 ஜூன் 4 அன்று மிட்வே சமர் தொடங்கியபோது, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த நிலையில் ஃபுச்சிடா பறக்க இயலாமல் 'அகாகி'யிலேயே இருந்தார். கப்பல் தீப்பற்றியபோது தப்பும் முயற்சியில் இவருடைய கணுக்கால்கள் இரண்டும் முறிந்தன. எஞ்சிய போர்க்காலத்தைப் பணிக்குழு அதிகாரியாகக் கழித்தார். அணுகுண்டு வீசப்படுவதற்கு முந்தைய நாள்தான் ஹிரோஷிமாவை விட்டுச் சென்றிருந்தார்.

பிற்கால வாழ்வும் சர்ச்சைகளும்

போருக்குப் பின் வேளாண்மை செய்துவந்த ஃபுச்சிடா, டோக்கியோவின் ஷிபுயா தொடருந்து நிலையத்தில் ஜேக்கப் டிஷேசர் என்பவரின் துண்டறிக்கையைப் பெற்றார். 1942 இல் டோக்கியோ முதலிய ஜப்பானிய நகரங்களைத் தாக்கிய அமெரிக்கப் படையினருள் ஒருவரான டிஷேசர், ஜப்பானியரிடம் நாற்பது மாதங்கள் சிறையிருந்தவர். அதைப் படித்தபின் விவிலியத்தை வாங்கிக் கற்ற ஃபுச்சிடா 1949 இல் கிறித்தவரானார். 1950 இல் டிஷேசரை நேரில் சந்தித்தார். பின்னர் அமெரிக்காவிலும் பரப்புரைப் பயணம் மேற்கொண்டார்.

மசாடேக் ஒகுமியாவுடன் இணைந்து இவர் எழுதிய மிட்வே பற்றிய நூல் 1951 இல் ஜப்பானிய மொழியிலும் 1955 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அமெரிக்க விமானங்கள் வந்தபோது ஜப்பானிய விமானங்கள் ஐந்து நிமிடங்களில் கிளம்பத் தயாராக மேல்தளத்தில் நின்றன என்னும் அதன் விவரிப்பு, பல பத்தாண்டுகள் மேலை வரலாற்று நூல்களில் நிலைத்தது. 2005 இல் ஜொனாதன் பார்ஷல், அந்தோணி டுல்லி ஆகியோர் ஜப்பானிய ஆவணங்களைக் கொண்டு அதை மறுத்தனர். விமானங்களில் பெரும்பாலானவை அப்போது கீழ்த்தளக் கூடத்திலேயே இருந்தன என்பது இவர்களின் முடிவு. பேர்ள் துறைமுகத்தை மீண்டும் தாக்குமாறு தளபதி நகுமோவை வற்புறுத்தியதாகவும், 'மிசூரி' கப்பலில் நடந்த சரணடைவு நிகழ்வில் தாம் இருந்ததாகவும் ஃபுச்சிடா கூறியவற்றையும் பார்ஷல் ஏற்கவில்லை. எனினும், நிகழ்வுகளை நேரில் கண்ட உயர் அதிகாரிகளுள் பலர் போரில் மாண்டுவிட்டதால் இவருடைய எழுத்துகளை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது; பிற ஆவணங்களோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டியுள்ளது.

ஃபுச்சிடா நீரிழிவு நோயின் பாதிப்பால் 1976 மே 30 அன்று தமது 73 ஆம் வயதில் காலமானார்.