கணினி வளர்த்த காரிகை

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் கிரேஸ் முர்ரே என்னும் பெண்மகவு பிறந்தது. பிற்காலத்தில் கிரேஸ் ஹாப்பர் என்று உலகம் போற்றிய அம்மையார் இவரே. ஏழு வயதில் இவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அலாரம் கடிகாரம் சொன்ன நேரத்தில் எப்படி மணி அடிக்கிறது? உடனே ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காக அடுத்த கடிகாரத்தைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் உதிரிகளாயின! அன்னையார் அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று வரம்பு கட்டினார். நம் வீடாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தோழியரே, உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இவருக்கு இலத்தீன் மொழி கைவரவில்லை. அதில் மதிப்பெண் குறைந்ததால் வாசர் மகளிர் கல்லூரியில் முதல் முறை இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு காத்திருந்து சேர்ந்தார். 1928இல் பட்டம், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியையாகவும் பணியாற்றினார். இடையில் திருமணம் நடந்தது, அது நிலைக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடற்படையில் சேர விரும்பினார் அம்மையார். உடல் எடை விதிக்கு 15 பவுண்டு குறைவு. தனி அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். கப்பலில் அனுப்புவார்கள் என்று எண்ணியிருந்தவரை 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள ஓர் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. மார்க் 1 என்பது அதன் பெயர். நொடிக்கு மூன்று கூட்டல் செய்யும். நாம் இன்று சிரிக்கலாம்; அன்று அது அதிசயம். அதற்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட வேண்டும். ஒரு துளை இடம் மாறினால் விடை முழுதும் பிழை. அந்த இயந்திரத்தை இயக்கும் முறையை 500 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக எழுதியவரும் இவரே.

அடுத்து வந்த மார்க் 2 இயந்திரத்தில் 1947 செப்டம்பர் 9ஆம் நாள் நடந்தது பலரும் அறிந்த கதை. இயந்திரம் பிழை செய்தது. தேடிப் பார்த்தபோது 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் நாள், நேரத்துடன் ஒட்டி வைத்தார்கள். பிழையைப் பூச்சி என்று பொறியாளர்கள் அதற்கு முன்பே சொல்லி வந்தனர். உண்மைப் பூச்சியே அகப்பட்டதுதான் வேடிக்கை! அம்மையார்தாம் அதைக் கண்டுபிடித்தார் என்று சில நூல்களில் எழுதுகிறார்கள். அது சரியன்று. உடன் பணியாற்றியவர்கள் கண்டதை அவர் ஊரெங்கும் சுவையாகச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவே. அந்த ஏடு இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் பூச்சி சிறிய செய்தி. குறிப்பேடுதான் பெரிய செய்தி. நம் வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022இல் அகழாய்வு தொடங்கியது. ஒரு சங்கு வளையல் துண்டு கிடைத்தாலும் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் என்று குறித்த பிறகே எடுத்து வைப்பார்கள். குறிக்காமல் எடுத்தால் அது வெறும் துண்டு. கணினிப் பிழையும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றை அம்மையார் கண்டார். அது இயந்திரத்தில் இல்லை. மனிதர் கையில் இருந்தது. அடிக்கடி தேவைப்படும் கட்டளைத் தொகுதிகளை அவரும் தோழர்களும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டனர். பூச்சியத்தில் தொடங்கிய தொகுதியைப் புதிய வேலையில் 120ஆம் இடத்தில் வைத்தால், உள்ளே வரும் இட எண் ஒவ்வொன்றுடனும் 120ஐக் கூட்ட வேண்டும். கணிதம் கற்றவர்களே கூட்டுவதில் தவறினர். பார்த்து எழுதுவதிலும் தவறினர். நோட்டில் இருந்தது சரி, ஓடியது தவறு!

அப்படியானால் பார்த்து எழுதும் வேலையையும் கூட்டும் வேலையையும் இயந்திரத்திடமே விட்டால் என்ன? தொகுதிகளைக் காந்த நாடாவில் ஒரு நூலகம்போல அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண். எண்களை எழுதிக் கொடுத்தால் போதும். இயந்திரமே தேடி எடுத்து, இட எண்களைத் திருத்தி, ஓடக்கூடிய ஒரே நிரலாக இணைத்துத் தரும். 1952இல் யூனிவாக் கணினியில் பிறந்த இதற்கு ஏ-0 என்று பெயர். இதைத்தான் அவர் கம்பைலர் என்று அழைத்தார். கணினி கணக்குப் போடுமே தவிர நிரல் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தனர்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. நாடா முன்னோக்கியே ஓடும். இன்னும் வராத தொகுதிக்கு எப்படித் தாவுவது? மாணவியாக இருந்தபோது ஆடிய கூடைப்பந்து கைகொடுத்தது. அந்நாளைய பெண்கள் ஆட்டத்தில் பந்தை ஒரு முறைதான் தட்டலாம். எனவே பந்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு முன்னே ஓடி மீண்டும் வாங்குவர். அதுபோல, தாவலை நினைவகத்தின் ஒரு மூலைக்கு அனுப்பி வைத்தார். உரிய தொகுதி வந்து சேர்ந்ததும் அதன் இடத்தை அந்த மூலையில் குறித்தார். விளையாட்டு நேரம் வீண் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இன்று நாம் கைப்பேசியில் காணும் இணையச் செயலிகளும் இவ்வழியில்தான் நடக்கின்றன. நிரல்களின் ஒவ்வொரு திருத்தமும் நாள், பெயருடன் ஒரு களஞ்சியத்தில் சேர்கிறது. 2005இல் வந்த கிட் என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. புதிய திருத்தம் வந்ததும் சர்வர் தானே அதை எடுத்து, இணைத்து, இயக்குகிறது. இதிலும் பிழை வரும். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா ஒருநாள் ஒரு பக்கத்தைத் திருத்தி அனுப்பினார். எல்லாம் நலமே முடிந்தது என்று சர்வர் அறிவித்தது. பக்கமோ பழையபடியே இருந்தது! நள்ளிரவு வரை தேடினாராம். திருத்தம் களஞ்சியத்தைச் சேர்ந்ததா? சேர்ந்தது. சர்வருக்குச் செய்தி போனதா? போனது. அனுமதிச் சாவி செல்லுமா? செல்லும். இணைப்பு வேலை முடிந்ததா? முடிந்தது. கடைசியில் பதிவேட்டின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது புரிந்தது. களஞ்சியத்தில் பல கிளைகள் உண்டு. அக்கா ஒரு கிளையில் திருத்தியிருக்க, சர்வர் வேறொரு பழைய கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோட்டில் சரி, ஓடியது வேறு என்ற அதே ஹார்வர்டுக் கதை!

அம்மையார் இதோடு நிற்கவில்லை. வணிகக் கணக்குகளை ஆங்கிலச் சொற்களிலேயே எழுதும் ஃப்ளோமேட்டிக் மொழியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். அதைப் பெரிதும் தழுவி 1959இல் தொடங்கிய முயற்சியில் கோபால் மொழி பிறந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் விருப்பம்போல் அமைத்தது. ஓரிடத்தில் ஓடிய நிரல் மற்றோர் இடத்தில் ஓடவில்லை. 1966இல் ஓய்வு பெற்றிருந்த அம்மையாரைக் கடற்படை அடுத்த ஆண்டே ஆறு மாதத்துக்கென்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகள் நீண்டது! கம்பைலர்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று கண்டறியும் சோதனை நிரல்களை அவருடைய குழு எழுதியது. இன்றும் திருத்தம் சர்வருக்குப் போகுமுன் இத்தகைய தானியங்கிச் சோதனைகளைக் கடந்தே போகிறது.

மாணவர்களிடம் பேசப் போகும்போது ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளைக் கொண்டு போவார். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி செல்லும் தூரம் அதுவே என்று கையில் கொடுப்பார். அவருடைய அலுவலகக் கடிகாரம் இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்த் திசையில் சுற்றுமாம். கடிகாரத்தை அவர் கடைசிவரை விடவில்லை போலும்!

1986இல் 79ஆம் வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். உடனே ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில் 85ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஆர்லிங்டனில் படைமரியாதையுடன் அடக்கம் நடந்தது. 1997இல் பணியில் சேர்ந்த ஒரு போர்க்கப்பலுக்குக் கடற்படை ஹாப்பர் என்று பெயர் சூட்டியது. 1943இல் அவர் ஏற விரும்பியதும் கப்பலில்தானே!